பதினொரு வரிகள்

ஆபீசில் எனக்கு ‘ஒழுங்கு அக்கா’ என்று பட்டப்பெயர். கண்டபடி எழுதிய புரோகிராமைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லிஃப்டை இயக்கும் எங்கள் புரோகிராமில் பதினொரு எண்கள் ஒரே வரியில் கிடந்தன. எடை, வேகம், பிரேக் நேரம், கதவு நேரம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு திரையைத் தாண்டி ஓடும். ஒரு வரிக்கு ஒன்றாகப் பிரித்து எழுதுங்கள் என்று மூன்று வருடமாகத் தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரே என் மேசைக்கு வந்தார்.

“உங்க ஆசைப்படியே அந்த ஃபைலைப் பிரிச்சு எழுதிடுங்கம்மா. இன்னிக்கே புது சர்வர்ல ஏத்திடுங்க. பழசை நிறுத்துறோம். நாளைக்கு எல்லா லிஃப்டுக்கும் இதுதான் போகுது.”

“என்ன சார், திடீர்னு ஞானோதயம்?”

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த போன் அடித்தது. யாரென்று பார்த்துவிட்டு அணைத்தார்.

எங்கள் சர்வரில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் நிற்கும். அந்த நீள வரியின் ஓரத்தில் நின்றது மேனேஜரின் பெயர்; போன வாரம்தான் அதைத் தொட்டிருந்தார். மனதுக்குள் சிரித்துக்கொண்டே பிரித்தேன். ஐந்தாவது வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. பிரேக் நேரம் இருக்க வேண்டிய இடத்தில் கதவின் நான்கு விநாடி இருந்தது. இரண்டும் இடம் மாறியிருந்தன. இப்படியே போனால் லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

“நீங்க அடுக்க மட்டும் செய்யுங்க. எண்ல கை வைக்காதீங்க. அனுப்பறதுக்கு முன்னாடி நானே சரி பண்ணிடுறேன்” என்றார்.

நம்பினேன்; அப்படியே புது சர்வரில் ஏற்றினேன். புத்தி கெட்டவள். போதாததற்கு, எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

வியாழக்கிழமை ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நிற்காமல் இறங்கியது. உள்ளே இருந்த தாயும் மகளும் பிழைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி வந்தார். மேனேஜர் திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தார். பதினொரு வரிகள். பதினொன்றின் ஓரத்திலும் என் பெயர்.

“சார், பழைய சர்வரைப் பாருங்க, அதுல இவர் பேர்தான் இருக்கு!” என்றேன் அதிகாரியிடம்.

“அதை அழிச்சாச்சேம்மா” என்றார் மேனேஜர், ரொம்பப் பரிவாக.

அதிகாரி ஐந்தாவது வரியில் விரலை வைத்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை.

“நல்லாத் தெளிவா எழுதியிருக்கீங்க” என்றார் என்னிடம்.