சபையில் சொன்ன முந்திரித் தோப்பு

சிங்காரவேலு பொய் சொல்லிப் பழகாதவர். பழகியிருந்தால் எந்தப் பொய்யை எங்கே இறக்கி வைக்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். அந்த வைகாசியில், மூத்தவள் பாக்கியலட்சுமிக்குப் பரிசம் போடத் திருமானூரிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கலைச்செல்வனுக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை. அவன் அப்பா இராமலிங்கத்துக்குக் கொள்ளிடத் தண்ணீர் பாயும் நெல்வயல், கரும்பு. நஞ்சைக்காரர்கள் போயும் போயும் விக்கிரமங்கலத்துப் புஞ்சைக்காரன் வீட்டில் பெண் எடுக்கிறார்களே என்று சிங்காரவேலுவுக்குக் காலையிலிருந்தே படபடப்பு. "உங்களுக்கு வெள்ளாமை எப்படி?" என்று யாரோ பேச்சுக்குக் கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பின்னால தெரியுது பாருங்க முந்திரித் தோப்பு. பட்டா மெட்ராஸ்ல இருக்குற மச்சினன் பேருல இருக்கு. மகசூல் முழுக்க நம்மளுதுங்க."

மகசூலாவது ஒன்றாவது! மச்சினன் வருஷா வருஷம் வந்து கொட்டையை வியாபாரிக்கு விற்றுவிட்டு, இவர் கையில் காவல் கூலியைத் திணித்துவிட்டுப் போவான். உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெண் பேசும் சபையில் அடுத்தவன் பொய்யை உடைக்கிறவனை அந்தப் பக்கத்தில் மனிதனாக மதிக்க மாட்டார்கள். தட்டு மாற்றி, சாப்பிட்டு, வேன் ஏறிப் போனார்கள்.

சின்னவள் நந்தினி அந்த வருஷம் பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். பெரம்பலூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இடமும் கிடைத்துவிட்டது. நல்ல மார்க் எடுத்த ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே ஃபீஸ் கட்டும் உதவித்தொகை ஒன்று இருந்தது. அது வந்தால் காலேஜ். வராவிட்டால் மாட்டை விற்றாலும் மனையை விற்றாலும் ஒரு வருஷத்துக்குக்கூடக் காணாது. மார்க்கை நந்தினி எடுத்துவிட்டாள். ஏழை என்று காட்ட வேண்டியது மட்டும்தான் அப்பாவின் வேலை. அதற்குத் தாசில்தார் வருமானச் சான்றிதழ் தர வேண்டும், அதற்கு முன்னால் வி.ஏ.ஓ. வந்து விசாரித்து எழுத வேண்டும். ஆடி முடிவதற்குள் சான்றிதழைக் காலேஜில் சேர்ப்பித்தாக வேண்டும்.

ஒழுகுகிற கூரையைக் காட்டினால் முடிந்துபோகும் காரியம். ஆனால் விதி வேறு விதமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தது. புது வி.ஏ.ஓ. குழந்தைவேல் ஆனியில்தான் மாற்றலாகி வந்திருந்தார். சொந்த ஊர் திருமானூர். இராமலிங்கத்துக்குப் பங்காளி. பரிசத்தன்று அந்த வேனில் வந்தவர்களில் அவரும் ஒருவர்.

"விசாரிச்சுத்தான் எழுதணும்ங்க" என்றார் குழந்தைவேல். நல்ல மனிதர், காபிகூட வேண்டாம் என்றுவிட்டார். "அன்னைக்குத் தோப்பு மகசூல் உங்களுதுன்னு சொன்னீங்கள்ல, அதையும் சேத்துதான் வருமானம் போடணும். இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை சாயங்காலத்துக்குள் திருமானூர் போய்ச் சேர்ந்துவிடும் என்று சிங்காரவேலுவுக்குத் தோன்றியது. தண்ணீர்ச் செம்போடு நின்ற நந்தினியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"மெய்தானுங்க சார். நம்மளுதுதான்."

"அப்பன்னா வரம்புக்கு மேல போயிடுதுங்களே. வசதி இருக்குறவங்க இதுக்கு எதுக்கு அலையுறீங்க?" என்று சிரித்துக்கொண்டே எழுதினார் குழந்தைவேல்.

அவர் தலை மறைந்ததும் மனைவி அமிர்தவல்லி பிடித்துக்கொண்டாள். "ஊரு மெச்சணும்னு எம்பொண்ணு வாயில மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே!" பாக்கியலட்சுமி, தன் கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை, போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று அழுதாள். நந்தினி அழவில்லை. "நாளைக்குப் போயிச் சொல்லிடுறீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்லிடுறேம்மா."

மறுநாள் சொல்லத்தான் போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். வி.ஏ.ஓ. ஆபீஸ் பெஞ்சில் இராமலிங்கம் உட்கார்ந்திருந்தார். பங்காளிக்குப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறார். மஞ்சள் தடவிய பத்திரிகை மேஜைமேல் கிடந்தது.

"வாங்க சம்பந்தி!" என்று இராமலிங்கம் எழுந்து நின்று கும்பிட்டார்.

"என்னங்க, தோப்பு விஷயத்துல ஏதாவது மாத்தணுமா?" என்றார் குழந்தைவேல்.

சிங்காரவேலு சம்பந்தியைப் பார்த்தார். இராமலிங்கம் என்னவோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல மாத்துறதுக்கு என்னங்க இருக்கு? சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிங்காரவேலு இறங்கி நடந்தார். தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

வாசலிலேயே நந்தினி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து நடந்ததைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. "சொல்லிட்டேம்மா. எழுதுனதை மாத்த முடியாதுன்னுட்டாரு" என்றார்.

நந்தினி அன்றுதான் அழுதாள். குழந்தைவேலைப் படுபாவி என்று திட்டினாள். தானே போய் அவர் காலில் விழுகிறேன் என்று கிளம்பியவளை, "கல்யாணம் வச்சிருக்குற வூட்டுல பொட்டப்புள்ள ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சா சம்பந்தி வூட்டுல என்ன நெனப்பாங்க?" என்று தடுத்து உட்கார வைத்தார். ஆடி போயிற்று. காலேஜ் இடமும் அதோடு போயிற்று.

ஆவணியில் குறை இல்லாமல் கல்யாணம் நடந்தது. மறுவீட்டு விருந்துக்கு இராமலிங்கமும் வந்திருந்தார். நந்தினி ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"சின்னப் பொண்ணுக்குக் காலேஜ் தெறந்திருக்குமே, இன்னும் போகலையா?" என்றார் இராமலிங்கம்.

அமிர்தவல்லியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "எங்கங்க போறது? தோப்பு வருமானம்னு எழுதி, உதவித்தொகை இல்லாமப் போச்சு."

இராமலிங்கத்தின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "அட, அது காவல் தோப்புன்னு பரிசத்துக்கு முந்தியே எனக்குத் தெரியுமேம்மா. பொண்ணெடுக்குறவன் விசாரிக்காமயா வருவான்? உங்க தோப்புக்காகவா நாங்க வந்தோம்? புள்ளைங்களைப் படிக்க வைக்கிற வூடுன்னு வந்தோம்." சிங்காரவேலுவைப் பார்த்துத் திரும்பினார். "அன்னைக்கு ஆபீஸ்ல வச்சுக்கூட மாத்துறதுக்கு ஒண்ணுமில்லன்னு சாதிச்சீங்களே சம்பந்தி. உங்க மானத்தை வாங்கக் கூடாதேன்னு நான் வாயைத் தெறக்கல. இதுக்குத்தான்னு தெரிஞ்சா நானே சொல்லியிருப்பேனே!"

நந்தினி ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் இராமலிங்கத்தை விட்டுவிட்டு அப்பாவைத்தான் பார்த்தாள்.

"அப்ப நீங்க சொல்லவே இல்லையாப்பா?"

சிங்காரவேலு பிசைந்த சோற்றைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவள் இன்னொரு தரம் கேட்கவில்லை.