நான்காவது கீறல்

ஃபோஸ்காவின் பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட அவள் கணவன் தேலியோ, கடைசியில் சுத்தத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்தான். அவனிடம் தாராளமாக இருந்தது அது ஒன்றுதான். ஊர் ஆரம்பப் பள்ளியில் கூட்டித் துடைக்கிற வேலை அவனுக்கு. அந்தப் பள்ளிக் கழிப்பறையில் உட்கார்ந்து பாஸ்தா சாப்பிடலாம் என்று மேயரே ஒருமுறை மேடையில் சொல்லியிருக்கிறார். சாப்பிட்டுக் காட்டவில்லை.

சனிக்கிழமை காலை ஃபோஸ்கா நாயைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறியதும், தேலியோ காப்பித்தூள் டப்பாவுக்குள் இருந்த சாவியை எடுத்து, சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையின் அலமாரியைத் திறந்தான். உள்ளே ஃபோஸ்காவின் வேட்டைத் துப்பாக்கிக்கு அறுநூறு தோட்டாக்கள். எல்லாம் அவளே வெடிமருந்து நிறுத்து, தக்கை வைத்து, ஈயக்குண்டு கொட்டி, வாயை மடித்து மூடியவை. பழைய பிஸ்கட் டப்பாக்களில் பிரித்து அடுக்கியிருந்தாள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு. 'காடை. பத்தாம் நம்பர் குண்டு. மருந்து ஒன்றரை கிராம். அக்டோபர் ஒன்பது. காற்றில் ஈரம் எழுபத்தொன்று. லேசான தலைவலி.' தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள். எந்தப் பொருளும் முகவரி இல்லாமல் இருப்பது அவளுக்குப் பிடிக்காது.

தேலியோவுக்கு டப்பாக்கள் பிடிக்கவில்லை. ஒன்று சதுரம், ஒன்று வட்டம், ஒன்றில் துரு. எல்லாவற்றையும் கொட்டி, புதிதாக வாங்கி வந்த கண்ணாடி மாதிரியான பெட்டிகளில் நிறவாரியாக அடுக்கினான். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். வானவில் தோற்றது. தோட்டாக்களின் பித்தளை அடிப்பக்கத்தில் நெயில் பாலிஷ் சிந்தியிருந்ததையும் அவன் கண் விட்டுவைக்கவில்லை. அசிட்டோனில் பஞ்சை நனைத்து, ஒரு பொட்டு பாக்கியில்லாமல் துடைத்தான்.

பத்து மணிக்கு ஃபோஸ்கா திரும்பி வந்தாள். அவன் அலமாரிக் கதவை மேடைத் திரை மாதிரி விலக்கினான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அது அவனுக்குப் பழகிப்போன ஒன்று.

"ஊதாப் பொட்டு வச்சது எங்க?" என்று கேட்டாள்.

"பொட்டா? அந்தக் கறையா? எல்லாத்தையும் துடைச்சிட்டேன். ஒண்ணு விடல."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தேலியோ, அது கறை இல்ல. ரோஸ் பொட்டு காடைக்கு. வெள்ளைப் பொட்டு உள்ளான் குருவிக்கு. ஊதான்னா சுடவே கூடாது."

"அப்படி ஒண்ண எதுக்குச் செஞ்சு வச்ச?"

"நான் செய்யல. நீ செஞ்சது. பிப்ரவரியில நான் மருந்து நிறுத்துக்கிட்டிருந்தப்போ எதிர்ல உக்காந்து ரொட்டி தின்னியே, ஞாபகம் இருக்கா? ஒரு துணுக்கு தராசுத் தட்டுக்கு அடியில மாட்டிக்கிச்சு. தட்டு இறங்கல. இறங்கலையேன்னு நான் இன்னும் கொஞ்சம் மருந்து போட்டேன். கண்டுபிடிக்கிறதுக்குள்ள பதினோரு தோட்டா முடிஞ்சிருச்சு. எல்லாம் சிவப்பு. மழை நாளாப் பாத்துப் பிரிக்கலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். அது என் தப்பு." மூச்சு விட்டாள். "அதுல ஒண்ணு வெடிச்சா குழல் கிழிஞ்சு பின்னால வரும். கண்ணு போகும். இல்லாட்டி விரல்."

சிவப்புப் பெட்டிகளை தேலியோ பார்த்தான். ஒரே உயரம், ஒரே பளபளப்பு, ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாகச் சுத்தத்தைப் பார்த்து அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"எல்லாச் சிவப்பையும் தூக்கிப் போட்டுரலாமா?"

"பேசாம ஜன்னலச் சாத்து. காத்து வருது."

அவள் ஒரு சிவப்புத் தோட்டாவை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பித்தளை விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். "மூணு," என்று இடப்பக்கம் வைத்தாள். அடுத்தது. "ரெண்டு. மூணு. ஒண்ணு."

"என்ன எண்ணுற?"

"ஒவ்வொரு தடவ வெறும் தோட்டாக் கூட்ட நிரப்பும்போதும் விளிம்புல அரத்தால ஒரு கீறல் போடுவேன். மூணு தடவைக்கு மேல எந்தக் கூட்டையும் நிரப்பினதில்ல. பிப்ரவரியில மட்டும் புதுக் கூடு தீந்து போய் நாலாவது தடவ நிரப்பினேன். நாலு கீறல் இருந்தா அதுதான்."

"சீட்டுல எழுதியிருக்க, பொட்டு வச்சிருக்க, அது போதாதுன்னு கீறலுமா?"

"சீட்டு உதிரும். பொட்டு அழியும்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "வீட்டுல நீ இருக்க."

அவன் பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்ததும் தெரிந்தது. முடியைவிட மெல்லிய கோடுகள், ஒரே இடைவெளியில், அரிசியில் பெயர் எழுதுகிறவன்கூட இரண்டாம் முறை பார்க்கிற மாதிரி. இரண்டு மணி நேரம் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினானே, அத்தனை தோட்டாவிலும் இது இருந்திருக்கிறது. அவன் கண்ணுக்குப் பித்தளை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"இது போன அக்டோபர்," என்று அவள் முனகினாள். "மழை பெஞ்ச வாரம்."

"அது எப்படித் தெரியும்?"

"கீறல் கொஞ்சம் சாஞ்சிருக்கு. அரம் அன்னிக்குப் புதுசு."

தேலியோவுக்குக் கையில் மயிர் நட்டுக்கொண்டது. கதீட்ரலில் வருஷத்துக்கொருமுறை புனிதரின் விரல் எலும்பைக் காட்டுவார்கள். சனங்கள் வாயைப் பிளப்பார்கள். அவன் மட்டும் பெட்டியின் கண்ணாடியில் யாருடைய கைரேகை என்று பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது அவன் வாய் தானாகத் திறந்திருந்தது. ஆறு வருஷம் ஒரே கட்டிலில் தூங்கிய பெண்ணின் கட்டைவிரல் நகத்துக்குள் ஒரு தபால் நிலையமே நடந்துகொண்டிருந்தது அவனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

நாலு கீறல் தோட்டாக்களைத் தனியே ஒரு சூப் தட்டில் வைத்தாள். கடைசிச் சிவப்பும் முடிந்தது. தட்டில் ஒன்பது.

"ரெண்டு குறையுது. தேலியோ, யாராவது வந்தாங்களா?"

"எவரிஸ்தோ வந்தான். மண்தட்டு சுடப் போறேன்னான். இருபத்தஞ்சு சிவப்பு குடுத்தேன். புதுப் பெட்டியில போட்டு."

எவரிஸ்தோ அவள் தம்பி. மைதானத்தில் பறக்கிற மண்தட்டுகளைச் சுடும்போது காதில் அடைப்பான் மாட்டிக்கொள்வான். ஃபோஸ்கா போட்ட போன் அடித்தது, அடித்தது, ஓய்ந்தது.

பழைய ஃபியட்டை ஃபோஸ்கா ஓட்டினாள். மலை இறக்கத்தில் பன்னிரண்டு வளைவு. ஏழாவது வளைவில் முதல் வெடிச்சத்தம் கேட்டது. தேலியோ கண்ணை மூடிக்கொண்டான். இன்னொன்று. அலறல் எதுவும் இல்லை. இன்னொன்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் பிறகு வந்த அமைதியில் அவன் மைத்துனனுக்கு இரண்டு கண்ணையும் பத்து விரலையும் மறுபடி கொடுத்துக்கொண்டே வந்தான்.

மைதானத்தில் வேறு யாரோ இரண்டு பேர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எவரிஸ்தோ பெஞ்சில் சாய்ந்து பன்றிக்கறி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் பெட்டி. நிறைந்திருந்தது.

"சுடலையா நீ?" என்று தேலியோ கத்தினான்.

"இதையா? என்ன மாமா, விளையாடுறீங்களா?" எவரிஸ்தோ வாயைத் துடைத்தான். "சீட்டு இல்ல, தேதி இல்ல, அன்னிக்குத் தலை வலிச்சுதா இல்லையான்னுகூட இல்ல. உப்பு டப்பாவுலயே 'உப்பு, திறந்தது மார்ச் மூணு'ன்னு எழுதுறவ எங்க அக்கா. அவ வீட்டுலேருந்து பேர் இல்லாம ஒரு பெட்டி வந்தா நான் தொடுவேனா? நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டீங்கன்னு நெனச்சுத்தான் துக்கத்துல தின்னுக்கிட்டிருக்கேன்."

ஃபோஸ்கா பெட்டியை இழுத்துக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். நகம் சுற்றியது. ஆறாவது தோட்டாவில் நாலு கீறல். இருபத்திரண்டாவதிலும் நாலு. இரண்டையும் கைக்குட்டையில் முடிந்தாள்.

மத்தியானம் பதினோரு தோட்டாவையும் பிரித்தார்கள். மழை இல்லை, நல்ல வெயில். ஒவ்வொன்றின் மருந்தையும் தனித்தனியே நிறுத்தாள். ஒன்று புள்ளி ஒன்பது. ஒன்று புள்ளி ஒன்பது. பதினோரு தடவையும் அதே. தப்பாகச் செய்தபோதும் அவள் ஒரே அளவாகத்தான் செய்திருந்தாள். மேஜையிலிருந்து மூன்றடி தள்ளி, கையில் ரொட்டி இல்லாமல், தேலியோ நின்று பார்த்தான்.

பிறகு அவள் கீறல் கணக்கு எழுதுகிற நோட்டு வந்தது, அரம் வந்தது, நெயில் பாலிஷ் குப்பிகள் வந்தன. அடுத்த ஞாயிறு வேட்டை தொடங்குகிறது. அதற்குள் மிச்சத்தை எல்லாம் கீறலும் நோட்டுமாக ஒப்பிட்டு, பழைய டப்பாக்களுக்கே திருப்ப வேண்டும். அவள் சொல்லச் சொல்ல அவன் பொட்டு வைத்தான். ரோஸ், வெள்ளை, ரோஸ்.

"கையக் காட்டு," என்றாள்.

காட்டினான். இரண்டு கட்டைவிரல் நகத்திலும் ஊதாப் பொட்டு வைத்து ஊதிக் காயவைத்தாள்.

திங்கட்கிழமை பள்ளியில் பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமையாசிரியை தன் கைப்பையிலிருந்து அசிட்டோனை எடுத்து நீட்டினாள். தேலியோ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.