இரவல் கற்கள்

நெஞ்சு வலி வந்து, ஆறு மாதம் லேத் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு மீன் பைத்தியம் பிடித்தது. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். முதல் வாரம் வீட்டிலுள்ள கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். இரண்டாவது வாரம் என் சமையலைத் திருத்த வந்தார். மூன்றாவது வாரம், மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் வித்தையை ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு வந்தபோது, என் அடுப்படியை விட்டுத் தொலைந்தால் போதும் என்று நானும் தலையாட்டிவிட்டேன். அப்படித் தலையாட்டியதற்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

விஷயம் எளிதுதான். கீழே ஒரு தொட்டியில் மீன். அதற்கு மேலே, நீளவாக்கில் பிளந்த நீல டிரம்மில் கூழாங்கல் நிரப்பி, அதில் செடி. மீன் அழுக்காக்கிய தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். கல்லில் ஒட்டி வாழும் கிருமிகள் அந்த அழுக்கை உரமாக்கும். செடி அதை எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீரைக் கீழே விடும். டிரம் நிரம்பியதும் சைஃபன் குழாய் மொத்தத்தையும் உறிஞ்சித் தொட்டிக்குள் தள்ளும். கால் மணிக்கொரு தரம் அந்தச் சத்தம் வரும். யாரோ கொல்லையில் வாய் கொப்பளிக்கிற மாதிரி இருக்கிறது என்றேன்.

"உனக்கு வயித்தெரிச்சல்" என்றார்.

கிருமிகள் கல்லில் குடியேற ஒரு மாதமாவது ஆகுமாம். இவருக்கு ஏது பொறுமை? கல்லைக் கொட்டிய மறுநாளே நாற்பது திலாப்பியா குஞ்சுகளை விட்டார். நாலே நாளில் நாற்பதும் செத்து மிதந்தன. சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் கரும்பச்சையாக மாறியது. அத்தனையும் மீன் கழிவின் அம்மோனியா விஷம்; நல்ல தண்ணீரென்றால் மஞ்சளாகவே நிற்குமாம். குஞ்சுகளை ஒவ்வொன்றாக வடிகட்டியில் அள்ளிப் புதைத்துவிட்டு, சாப்பிடாமல் நெஞ்சில் கையை வைத்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். மீன் போனால் போகட்டும், இந்த மனுஷன் போய்விடக்கூடாது. எனக்கு வேறு யாரும் இல்லை.

அதனால் இரவல் கேட்கப் போனது நான்தான்.

எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கப்பல்காரர் வீடு. கப்பலில் சமையல் செய்து ஓய்வுபெற்றவர். ஒன்பது வருடமாக இதே மாதிரித் தொட்டி வைத்திருந்தார். தினமும் காலை ஆறே முக்காலுக்குத் தீனி போடும்முன் தொட்டி விளிம்பில் மூன்று தட்டுத் தட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகூடத் தூங்க விடாத அந்தத் தட்டலுக்காக அவரை எத்தனை தடவை திட்டியிருப்பேனோ. போன மழைக்காலத்தில் தொட்டிப் பக்கத்திலேயே விழுந்து இறந்துபோனார். பழைய தொட்டிக் கல் ரெண்டு வாளி கிடைத்தால் கிருமி தானாகப் பரவிவிடும் என்று என் வீட்டுக்காரர் புலம்பிக்கொண்டே இருந்தார். துக்க வீட்டில் போய்க் கேட்க இவருக்குக் கூச்சம். எனக்கு அதெல்லாம் கிடையாது.

கப்பல்காரர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். தொட்டியில் ஒரு மீன் இல்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மீனையெல்லாம் குடுத்துட்டேன். தினமும் ஒரு பிடி தீனி மட்டும் போட்டுட்டு வரேன்."

"மீனே இல்லையே, யாருக்குக்கா தீனி?"

"கல்லுக்கு" என்றார்.

அது தொழில்முறையில் சரியான பதில்தான் என்று இவர் பிறகு விளக்கினார். தீனி அழுகினால்தான் கிருமிக்குச் சாப்பாடு. ஆனால் அங்கே நின்றபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. இரண்டு வாளி நிறையக் கல் அள்ளிக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனேன். கடைத் தக்காளியைக்கூட மூன்று தடவை கழுவுகிறவள் நான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கழுவிடாதம்மா. அதுல இருக்கறது போயிடும். வேலை முடிஞ்சதும் அப்படியே திருப்பிக் குடுத்துடு."

பத்தாம் நாள் சொட்டு மருந்து மஞ்சளாகவே நின்றது. இவர் குழந்தை மாதிரிக் குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். மறுபடி நாற்பது குஞ்சுகள் வந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. கீரை தளதளவென்று வளர்ந்தது. இவர் முகத்திலும் ரத்தம் ஊறியது. சரி, நமக்கும் நல்லது நடக்கிறது என்று நினைத்தேன்.

முதலில் மீன்களைத்தான் கவனித்தேன். காலையில் ஆறே முக்காலுக்கு நாற்பதும் பின்சுவரோரம் ஒரே மூலையில் திரண்டு, வாயைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கும். அந்த மூலையில் யாரும் இல்லை. நான் வீட்டுப் பக்கமிருந்து தீனி தூவினேன். ஒன்றும் திரும்பவில்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் நான். பார்க்கிறவன் எதைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். அவை அங்கே நின்ற ஒருவரின் முகத்தைத்தான் பார்த்தன.

அடுத்த வாரம் இவர் அந்த மூலையில் போய் நின்றார். விளிம்பில் மூன்று தட்டு.

"அந்த மனுஷன் தட்டின மாதிரியே தட்டறீங்க."

"எந்த மனுஷன்?" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தீனியை இடக்கையால் தூவினார். மூன்று கரண்டி சர்க்கரை கேட்கிறவர், டீயில் சர்க்கரை எதற்கு என்று முகம் சுளித்தார். ஒருநாள் தொட்டியையே பார்த்துக்கொண்டு, "இன்னிக்குக் கடல் சாதுவா இருக்கு" என்றார். இவர் கடலைப் படத்தில் பார்த்ததோடு சரி. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமினால் இவர் தலை அங்கே திரும்பியது. நான் இருமிப் பார்த்தேன். திரும்பவில்லை. பொறாமையா, பயமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"குளியலறை எந்தப் பக்கம்னு தெரியல" என்றார் மெதுவாக. "ரொம்ப நேரமா நிக்கறேன். என்னை எங்கயும் விட்டுடாத."

அது என் மனுஷன். அந்தக் குரல் முப்பத்தொரு வருடமாக எனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்துக் குளியலறை வரை கூட்டிப் போனேன். திரும்பி வந்து கதவு நிலையில் சாய்ந்து அழுதேன்.

காரணம் அந்தக் கல்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. படித்தவர்கள் சிரிக்கட்டும். அடுத்த செவ்வாய் காலை அவரை வாடகைக் காரில் ஏற்றி மருத்துவமனைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, கடைக்கு லீவு சொன்னேன். மோட்டாரை நிறுத்தி, செடிகளைப் பிடுங்கி, டிரம்மைத் தரையில் கவிழ்த்தேன். எங்கள் கல் வெள்ளை, அவர்கள் கல் ஈரல் நிறம். மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். நகம் கிழிந்தது. ஈரல் நிறத்தில் ஒரு கல்கூடக் கொல்லையில் மிஞ்சவில்லை என்று உறுதியான பிறகுதான் எழுந்தேன்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். தலை வாரி, பூப்போட்ட புதுப் புடவை உடுத்தியிருந்தார்.

"எல்லாத்தையும் கொண்டு வந்துட்டியா? ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம" என்றேன். கோபத்தில் சற்று அழுத்தியே சொன்னேன்.

"நல்லதும்மா" என்று வாளிகளை வாங்கிக்கொண்டார். மூச்சு வாங்காமல் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். சர்க்கரை டப்பாவை நிரப்பி வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு வரவேண்டியவர் ஒன்றரை வரை வரவில்லை. டிரைவருக்குப் போன் போட்டேன்.

"அப்பவே இறக்கி விட்டுட்டேங்க. பின் தெருவுலதான் வீடுன்னு சொன்னாரு. நேரா உள்ள போயிட்டாரே."

கொல்லைக்கு ஓடி, கவிழ்ந்து கிடந்த டிரம்மின்மேல் ஏறிச் சுவருக்கு மேலே பார்த்தேன். அந்தத் தொட்டியருகே என் கணவர் நின்றிருந்தார். காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை. இடக்கையில் தீனி. பக்கத்தில் அக்கா டீயோடு நின்றார்.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். எந்தக் கூட்டத்தில் கூப்பிட்டாலும் திரும்புகிறவர். திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரு இவங்க?"

"பின் வீட்டு அம்மா" என்றார் அக்கா. "இவங்க வீட்டுக்காரர் நெஞ்சு வலியில போயிட்டாரு, பாவம்."

அவர் தீனியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரருகே வந்தார். அந்த முகத்தில் துளிகூட நடிப்பில்லை, இரக்கம்தான் இருந்தது.

"தைரியமா இருங்கம்மா" என்றார். "என்ன உதவி வேணும்னாலும் கூச்சப்படாம எங்களைக் கூப்பிடுங்க."