பூட்டிய கதவைப் பார்த்து ஏழு பேர்

கெங்கம்மாள் சித்தி பகலில் தண்ணீர் குடிக்க மாட்டார். விடியலில் வீட்டில் ஒரு சொம்பு குடித்துவிட்டு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு சந்தைக்கு வந்தால், இருட்டி வீடு திரும்பும்வரை நாக்கை நனைப்பதோடு சரி. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சந்தையில் கடை போடும் பெண்கள் எல்லாருக்கும் இதே பழக்கம்தான். பெண்களுக்கென்று கழிப்பறை இல்லாமல் இல்லை. தொட்டி, குழாய், வழவழப்பான தரை எல்லாம் உண்டு. கதவில் ஒரு பூட்டும் உண்டு. கேட்டால் சந்தை மேற்பார்வையாளர் சீனுவாசன், "தொறந்து வுட்டா நாறடிச்சிடுவீங்க" என்பார். ஆண்களுக்கு என்ன, ஊரில் உள்ள சுவரெல்லாம் அவர்களுக்குத்தான்.

போன மாதம் சித்தி நீர்க்கடுப்பில் சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. விழுப்புரத்தில் பள்ளிக்கூடச் சுவர்களில் அணிலும் ஆடும் வரைவது என் பிழைப்பு. மனு கொடுத்து அலுத்துப்போன பெண்களுக்கு என்னால் ஆனது அதுதான், ஒரு படம்.

சந்தை இல்லாத நாளில் தூரிகையோடு போய் இறங்கினேன். கழிப்பறையின் வெளிச்சுவரில் சித்தியையும் அவரோடு கடை போடும் ஆறு பேரையும் ஆளுயரத்துக்கு வரைந்தேன். எல்லாரும் அந்தப் பூட்டிய கதவைப் பார்த்தபடி வரிசையில் நிற்கிறார்கள். சித்திக்குச் சிவப்புப் புடவைதான் வேண்டுமாம், கட்டிவிட்டேன். தலைக்குமேல் 'நாங்கள் எங்கே போவது?' என்று எழுதவேண்டும் என்பது திட்டம்.

தோலுக்கு நான் முதலில் மஞ்சள் பூசுவேன். அது காய்ந்தபின் பழுப்பு ஏற்றினால்தான் வெயில்பட்ட முகம் உயிரோடு வரும். மஞ்சள் முடிவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. பழுப்பையும் எழுத்தையும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் சந்தை. காலையில் வந்து பார்த்தால் தூக்கிவாரிப் போட்டது. ஏழு நெற்றியிலும் குங்குமம். காலடியில் வேப்பிலை, எலுமிச்சம்பழம், எரிந்த சூடம். விடியலில் காய் ஏற்றிவந்த வெளியூர்க்காரர்கள் மஞ்சள் முகத்தோடு ஏழு பெண்கள் நிற்பதைப் பார்த்து, ஏரிக்கரையில் ஏழு பேராக நிற்கும் கன்னிமார் சாமிகள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் சித்தியின் படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே நிஜச் சித்தி அவருக்கு மல்லாட்டை அளந்துகொண்டிருந்தார்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயம் கேட்க வந்தால் கோயில் கட்டிவிட்டார்களே! பழுப்பு டப்பாவைத் திறந்தேன்.

சித்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "இன்னா பண்ற நீ?"

"இது சாமி இல்ல, நீங்கதான்னு தெரிய வேணாமா சித்தி?"

"தெரிஞ்சா இன்னா ஆவும்? அங்க பாரு, யாரு வந்துக்கினு இருக்காருன்னு."

சீனுவாசன் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக வந்துகொண்டிருந்தார். யாரோ போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். ஒரு பூச்சில் எல்லாம் போய்விடும். பூட்டு மட்டும் அப்படியே இருக்கும். சித்திக்கு மறுபடி ஆஸ்பத்திரிதான்.

"எவ அவ, செவுத்துல கிறுக்கனது?" என்று கத்திக்கொண்டே வந்தவர், சூடத்தைப் பார்த்ததும் நின்றார். குங்குமத்தைப் பார்த்தார். வாளி மெல்லத் தரைக்கு இறங்கியது. அப்புறம் கால்கள் செருப்பைக் கழற்றின.

"அடிச்சிடுங்க சார்," என்றார் சித்தி. "உங்க கையாலயே அடிங்க. நாங்க இன்னா சொல்லப்போறோம்?"

அவர் மட்டையைத் தொடவில்லை. "ஏழு பேரும் கதவையே பாத்துக்கினு நிக்கிறாங்களே, அது இன்னாத்துக்கு?" என்றார். குரலில் பழைய காரம் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டார். "பொம்பளைங்க பூட்டுன கதவாண்ட இன்னாத்துக்கு நிப்பாங்க? தொறப்பாங்கன்னுதான். இத்தினி நாளா நிக்க வெச்சிக்கினு இருக்கீங்க. அப்பறம் உங்க இஷ்டம்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. நான் வரைந்ததைத்தான் சித்தி சொன்னார்.

சீனுவாசன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். துருவேறிய பூட்டில் அது லேசில் திரும்பவில்லை. கடைசியில் பூட்டு திறந்துகொண்டபோது, "அப்பாடா!" என்று எனக்குச் சத்தமாகவே வந்துவிட்டது. அவர் கதவை விரியத் தள்ளிவிட்டு, "இனிமே பூட்ட மாட்டேன் தாயே" என்று கும்பிட்டார். எந்தத் தாயிடம் என்று நான் கேட்கவில்லை.

பெண்கள் கடையைப் போட்டது போட்டபடி வந்து வரிசையில் நின்றார்கள். உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அடக்கிக்கொண்டு வந்தவள்தான் நானும். வெட்கப்படாமல் வரிசையில் சேர்ந்துகொண்டேன்.

வெளியே வந்து பழுப்பு டப்பாவை மூடினேன். முகங்கள் மஞ்சளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தலைக்குமேல் எழுத நினைத்ததை மட்டும் மாற்றி, 'திறந்தே இருக்கட்டும்' என்று எழுதினேன்.

வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. சித்தி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கலை, உன் பையில தண்ணி இருக்குதா?"

பாட்டிலை நீட்டினேன். அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். காலிப் பாட்டிலை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ரொப்பிக்கினு வா, இன்னும் தாகம் அடங்கல."