மீசைக் கழுதை

1942 ஆவணியில், மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடைத் தெருவின் சுவரில் வரைந்திருந்த கழுதை சினையானது. வரைந்தவர் ரசூல், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். தாரும் கரியும் குழைத்து, கழுதைக்குப் போலீஸ் தொப்பியும் இன்ஸ்பெக்டரின் முறுக்கு மீசையும் வைத்து, அடியில் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று எழுதிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல டீ குடித்துக்கொண்டிருந்தார். தெருவுக்கே தெரியும், போலீசுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அழிக்க வந்தவள் இருளாயி. பன்னிரண்டு வயதில் சுண்ணாம்புக் காளவாயில் கூடை தூக்கி, உள்ளங்கைத் தோல் வெந்துபோன பிறகு வெள்ளையடிக்கப் போனவள். “வர்ற வெள்ளிக்கிழமை மதராஸ்லேர்ந்து பெரிய துரை வராரு. இது தெருவுல நின்னா நீ உள்ள இருப்பே” என்றார் இன்ஸ்பெக்டர். அவள் இடுப்பில் பால் மறக்காத பிள்ளை. அதை யாரிடம் விடுவது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே அரசியல்.

எழுத்து ஒரே பூச்சில் போய்விட்டது. கழுதை மறுநாள் காலையில் சுண்ணாம்புக்கு வெளியே வந்து நின்றது, முன்னைவிடக் கொழுத்து. இரண்டாம் பூச்சில் வயிறு சரிந்தது. மூன்றாவதில் மடி இறங்கியது. “நான் போட்டது ஆண் கழுதைம்மா, அல்லா மேல ஆணை” என்று ரசூல் அவள் காதில் சொல்லிவிட்டுப் போனார். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி ஜனம் பார்க்க வந்தது. “மீசை வச்சிருக்கே, இதுக்கு எப்படிங்க வயிறு?” என்று ஒருவர் கேட்க, பூக்காரி லூர்துராணி, “போலீசு நெனச்சா எதுதான் ஆகாது?” என்றாள். சிரித்த பதினொரு பேர் கைதானார்கள். சிரிப்பு எந்தச் சட்டப்பிரிவில் வரும் என்று தெரியாமல் ஏட்டு பதிவேட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

“சுண்ணாம்புல என்னடி கலந்தே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கஞ்சிதாங்க. கஞ்சி ஊத்தாம சுவத்துல ஒட்டாதுங்களே.”

மனிதருக்கே கஞ்சி கிடைக்காத யுத்தகாலத்தில் கழுதை மூன்று சட்டி நக்கியிருக்கிறது. இன்ஸ்பெக்டர் வெறும் சுண்ணாம்பை அடிக்கச் சொன்னார். அது காய்ந்ததும் பொடியாக உதிர்ந்தது; கழுதைக்கு விலா தெரிந்தது. “புள்ளத்தாச்சியப் பட்டினி போடுறானே, இவன் வெளங்குவானா” என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அதுவரை எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போகாத ஜவுளிக்கடை ஹபீபுல்லா ராவுத்தர் கடையைச் சாத்திவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்தார். மற்றக் கடைகளும் சாத்தின.

வியாழக்கிழமை மத்தியானம் இருளாயி பிள்ளையை லூர்துராணியிடம் கொடுத்தாள். கழுதையின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் கஞ்சிச் சுண்ணாம்பை ஓர் இழுப்பு இழுத்தாள். கழுதை ஓரடி வைத்து நக்கியது. இன்னோர் இழுப்பு, இன்னோரடி. சந்து குறுக்கிட்ட இடங்களில் தரையில் இழுத்தாள். அது தரையில் படுத்தவாக்கில் நடந்து அடுத்த சுவரில் ஏறியது. தெப்பக்குளத்தைச் சுற்றி, பின்னால் ஊரே வர, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஸ்டேஷனுக்குள் நுழைந்து லாக்கப் சுவரில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“தெருவுல இல்லைங்க. உள்ளதான் இருக்கு. நான் போகலாங்களா? புள்ளைக்குப் பால் குடுக்கணும்.”

இன்ஸ்பெக்டர் கழுதையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். போகச் சொன்னார். கைதிகள் பட்டியலில் கழுதையைப் பன்னிரண்டாவதாக எழுதினார்கள். பெரிய துரை வெறும் சுவர்களைப் பார்த்துவிட்டு, திருச்சி சுத்தமான ஊர் என்றார்.

ஐப்பசியில் அது லாக்கப்பிலேயே குட்டி போட்டது. குட்டிக்கும் மீசை. சிரித்தவர்கள் எல்லாரும் விடுதலையானார்கள். கழுதையை விட மட்டும் உத்தரவு இல்லை. குட்டியின் தகப்பன் பெயர் கேட்டு மேலிடத்திலிருந்து வந்த கடிதத்துக்கு இன்ஸ்பெக்டர் பதில் எழுதவில்லை. அவருக்குப் பிறகு நான்கு இன்ஸ்பெக்டர்கள் வந்துபோனார்கள், கூரையில் கொடி மாறியது. ஒவ்வொரு தையிலும் இருளாயி லாக்கப்புக்கு வெள்ளையடிக்க வருவாள். “கொஞ்சம் தள்ளி நில்லு தாயி” என்பாள். கழுதை குட்டியைக் கூட்டிக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போய் நிற்கும். சுவர் காய்ந்ததும் திரும்பி வரும்.