அம்சவள்ளியின் ஈரலும் ஒரு சாராயக் கடையும்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதைகளும் அப்படித்தான் என்று நழுவிவிடலாம். ஆனால் இந்தப் பொய்யை நான் தாளில் எழுதவில்லை, பால் சொசைட்டியில் நின்றுகொண்டு சொன்னேன்.

கிருமாம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தை ஒட்டிச் சாராயக் கடை வரப்போகிறது என்று தெரிந்ததும், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர் அம்சவள்ளி அக்கா. பங்குனியில் அவருக்கு வயிறு வீங்கியது, காலும் வீங்கியது. "வெளிய கடைய எதுக்கறாங்க, வூட்டுக்குள்ள இன்னா குடிக்கறாங்களோ," என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். எழுதுகிறவனுக்கு அது போதும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கரும்புத் தோகையின் மேல் வெண்பனி மெல்ல—" (வேண்டாம். கரும்பு அவர் கணவர் நாகராஜனுடையது. மாலையானால் குடிக்கப் போகிறவர் பனியை எங்கே பார்த்தார்?)

பிறகு: "ஈரல் என்பது உடலின் மிகப் பொறுமையான—" (இது பாடப்புத்தகம்.)

நடந்ததையே சொல்கிறேன். அக்காவுக்குப் போன வருடம் இரைப்பையில் புற்றுநோய்க் கட்டி. அறுவை முடிந்து, இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் கரண்டு வைப்பது என்போம். தையில் முடிந்தது. பிழைத்துவிட்டோம் என்று நம்பித்தான் கடை விவகாரத்தைக் கையில் எடுத்தார். இரண்டே மாதத்தில் ரவிக்கை கொக்கி மாட்டவில்லை. கட்டி திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் சோறு பொங்கினார்.

3

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர். பெயர் தெரியாது, புவனேஸ்வரி என்று வைக்கிறேன்.

"குடிப்பழக்கம் உண்டாம்மா?"

அக்கா பக்கத்திலிருந்த நாகராஜனைக் காட்டினார். "எங்க வூட்ல அந்த வேலைய இவரு பாத்துக்கறாரு."

அவருக்கும் ரத்தம் எடுத்தே ஆகவேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். (கதை வசதிக்காக நான் சேர்த்ததில்லை.) நாகராஜனின் ஈரல் சோதனையில் ஒரு குறையும் இல்லை. அக்காவுக்கு எண்கள் ஏறியிருந்தன. ஸ்கேனில் வயிற்றில் நீர். கட்டி மட்டும் எங்கும் இல்லை.

"கட்டி இருந்த இடத்த ஒட்டித்தான் ஈரல்," என்றார் டாக்டர். "எவ்வளவு ஒதுக்கினாலும் கதிர் கொஞ்சம் அதுமேலயும் படும். சில பேருக்கு மாசக்கணக்குல கழிச்சு இப்படி வீங்கும்."

"கட்டியக் கொளுத்தப் போயி பக்கத்து வூட்டையும் கொளுத்திட்டீங்க."

டாக்டர் மறுக்கவில்லை. "நிறைய பேருக்கு மெல்ல சரியாயிடும். சிலருக்கு ஆகறதில்ல. உப்பக் கொறைங்க. மாத்திரை தரேன். பாக்கலாம்."

பஸ்ஸில் அக்கா நாகராஜன் பக்கம் திரும்பினார். "கட்டின்னப்பகூட இவ்ளோ கோவம் வரலைங்க. ஒழுங்கா இருந்தது மேல கை வச்சிட்டாங்களே."

4

அதற்குள் என் பொய் ஊரைச் சுற்றிவிட்டது. அதிகாரிகள் பள்ளி வளாகத்தில் கருத்துக் கேட்க வந்த அன்று, கடைக்காரர் தரப்பில் ஒருவர் எழுந்து, "குடிச்சு ஈரல் வீங்கனவங்கதான் சார் கடைய மூடச் சொல்றாங்க," என்றார்.

(இங்கே நான் எழுந்து உண்மையைச் சொல்வதாக ஒரு வரைவு உண்டு. பிரமாதமாக வந்திருந்தது. உண்மையில் நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.)

எழுந்தவர் நாகராஜன். கையில் இரண்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

"இருவத்தேழு வருசமா குடிக்கறவன் நானு. என் ஈரலு சுத்தமா இருக்குதாம். ஒரு சொட்டு தொடாதவ அவ. கரண்டு வச்சதுல வீங்கிப்போச்சு. ரெண்டு சீட்டையும் படிங்க சார்." சீட்டுகளை மேசையில் வைத்தார். உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையில் பலத்த கைதட்டல். "அப்ப தாராளமா குடிக்கலாம்பா," என்றது ஒரு குரல்.

அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தார். "கைதட்டறவங்கள எண்ணிக்கங்க சார். பட்டப்பகல்ல, கடை வர்றதுக்கு முன்னாடியே இவ்ளோ பேரு போதையில."

அதிகாரியே சிரித்துவிட்டார். கடைக்கு அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. இன்னும் முடிவாகவில்லை.

5

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். முதல் பகுதியைப் படிக்கும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் புகழு," என்றார். "அன்னிக்கு சொசைட்டியில உன் பின்னாடிதான் பால் தூக்கோட நின்னுகினு இருந்தேன்."

"ஏங்க்கா ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன். நாலு மாசம் ஆவுது உனக்கு."

மன்னிப்பு என்ற சொல்லை மூன்று வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட வாயைவிட்டு வரவில்லை. அவர் தாளைப் புரட்டினார்.

"முடிவு எங்கடா?"

மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் நீர் வற்றி, அவர் கரும்பு வெட்டுக்குச் சோறு கொண்டுபோகிறார். ஒன்றில் வீக்கம் வடியாமலே, மாத்திரையோடு வருடங்கள் ஓட்டுகிறார். மூன்றாவதைப் படித்துக்காட்டவில்லை. அவரே வாங்கிப் படித்தார்.

"வெள்ளிக்கிழம மறுபடி ரத்தம் எடுக்கறாங்க. டாக்டருக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்?"

"வாசகர்கிட்ட விட்டுடறேங்க்கா. அவங்களே ஒண்ணு எடுத்துக்கட்டும்."

தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

"சரி, என் ஈரல அவங்க கையில குடு. இன்னா வேணா பண்ணிக்கட்டும். ஆனா மூணு முடிவுலயும் அந்தக் கடை தெறக்கக் கூடாது. அத நீயே எழுதிடு."

எழுதிவிட்டேன். மீதி உங்களுடையது.