இடது பின் சக்கரத்தில் மூன்றரைக் கிலோ

நான்காவது முறையாகவும் இடது பின் சக்கரத்தின் கீழிருந்த தராசு அதே எண்ணைத்தான் காட்டியது. இருக்க வேண்டியதைவிட மூன்றரைக் கிலோ கூடுதல். வண்டியை முழுதாகத் தராசில் ஏற்றியதே அன்றுதான். மெக்கானிக் தராசைத் தட்டிப் பார்த்தான், வலப்பக்கத்துத் தராசோடு மாற்றி வைத்தான், டயரில் காற்றை அளந்தான். எண் அசைந்து கொடுக்கவில்லை. வண்டிக்குள் மிச்சமிருந்த ஒரே இருக்கையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த அவன் தங்கை, "அண்ணே, காலையில நான் சாப்பிட்டதையும் சேத்து எழுதினியா?" என்று கேட்டாள். அவன் சிரிக்கவில்லை.

பெயிண்ட் அறை வாசலில் கையில் உப்புத்தாளோடு நின்றிருந்த அவர்களுடைய அண்ணிக்கு மட்டும் அந்த மூன்றரைக் கிலோ எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது சாலையில் ஓடுகிற ஸ்போர்ட்ஸ் கார். தோல் இருக்கை இரண்டு, ஏ.சி., பாட்டுக் கேட்க நான்கு ஸ்பீக்கர். மெக்கானிக்கும் தங்கையும் சேர்ந்து வாங்கி, அதைப் பந்தய வண்டியாக மாற்ற இறங்கினார்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் நிறுத்து நோட்டில் எழுதிவைப்பது மெக்கானிக்கின் வழக்கம். தரைவிரிப்பு பதினொரு கிலோ. பக்கத்து இருக்கை பத்தொன்பது. பின்கண்ணாடி போய் மெல்லிய பிளாஸ்டிக் வந்தது. கதவின் உட்கைப்பிடி போய் ஒரு துணிப்பட்டை வந்தது. திருகாணித் தலைகளைக்கூட அவன் அரத்தால் சீவினான். ஒர்க் ஷாப்புக்கு வருகிறவர்கள் அவனுக்கு 'கிராம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "கிலோன்னு கூப்பிட்டாத்தான் கோவம் வரும்" என்பான் அவன்.

கணவன் வெளியூர் வேலையில் இருக்க, கொழுந்தனின் ஒர்க் ஷாப்பில் பெயிண்ட் வேலை முழுவதும் அண்ணியுடையது. அந்த வண்டியின் ஒவ்வொரு அங்குலத்தையும் தடவித் தேய்த்தவள் அவள். ஓட்டாதவளும் அவள் ஒருத்திதான். ஒருநாள் இருவரும் டயர் வாங்கப் போயிருந்தார்கள். சாவி ஆணியில் தொங்கியது. பெயிண்ட் அறை வரைக்கும் நாமே கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது. பழைய வேனை வருஷக்கணக்கில் ஓட்டியவள்தான். ஆனால் இந்த வண்டி கால் வைத்ததும் துள்ளும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ரிவர்ஸில் ஒரே பாய்ச்சல், கேட் கம்பம், இடது பின்பக்கத் தகட்டில் உள்ளங்கை ஆழத்துக்குக் குழி. அவர்கள் திரும்புவதற்குள் குழியை நிரப்பும் புட்டிப் பசையை அப்பி, தேய்த்து, கலரும் அடித்துவிட்டாள். நாத்தனார் அந்த இடத்தையே தடவி, "கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணி" என்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள் அண்ணி. அந்த நாளைக்கு ஒன்றரை வருஷமாகிவிட்டது.

மெக்கானிக் நோட்டை மூடினான். "வித்தவனுங்க நம்ம தலையில கட்டிட்டானுங்க. இது ஏற்கெனவே அடிபட்ட வண்டி. வெட்டி, உள்ளே இரும்பு வச்சு ஒட்டியிருக்கானுங்க. ஒட்டுப்போட்ட வண்டிய பந்தய வேகத்துல ஓட்ட உன்கிட்ட குடுக்க மாட்டேன்."

"வெறும் புட்டியாத்தான் இருக்கப்போவுது. தேய்ச்சுத்தான் பாரேன்" என்றாள் நாத்தனார்.

"போடி. அந்தப் பக்கம் முழுக்க அண்ணி கை வச்சது. புட்டி இருந்தா அண்ணி சொல்லியிருக்க மாட்டாங்களா?"

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்திலிருந்து விலகுவதாகச் சொல்ல அவன் போனை எடுத்தான். நாத்தனார் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் வாய் ஓயாதவள் பேசாமலிருந்ததைத்தான் அண்ணியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

திருகாணித் தட்டில் கிடந்த காந்தத்தை எடுத்தாள். வண்டியின் வலப்பக்கத்தில் வைத்தாள், டக்கென்று ஒட்டியது. பிடுங்கி இடது பின்பக்கத்தில் வைத்தாள். புட்டியில் பிடிக்காமல் வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

மெக்கானிக் போனை இறக்கினான். "எப்போ?"

"நீங்க டயர் வாங்கப் போனீங்களே, அன்னைக்கு. நான்தான்பா. ரிவர்ஸ்ல கம்பத்துல விட்டுட்டேன்."

"ஒன்றரை வருஷம் அண்ணி! மூணு கிராமுக்காகத் திருகாணியச் சீவிச் சீவி என் விரல் தேஞ்சுபோச்சு. நீங்க மூன்றரைக் கிலோவ மூட்டையா கட்டி வச்சிருக்கீங்க!" நோட்டைப் பெஞ்சில் எறிந்தான். "எடைய விடுங்க. உங்கள நம்பி நான் வேற எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன்." வெளியே போய்விட்டான்.

நாத்தனார் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். "ஓட்டணும்னு ஆசையா இருந்தா என்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணி?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "மாட்டேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் மெக்கானிக் கிரைண்டரோடு உள்ளே வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வேலையில் இறங்கினான். இரண்டு மணி நேரம் வெள்ளைத் தூள் பறந்தது. குழி வெளியே வந்தது. டார்ச் அடித்து உள்பக்கத்தைத் தேடினான். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. வண்டியின் உள்சட்டம் நேராக இருந்தது. மறுபடி தராசில் ஏற்றி நோட்டைத் திறந்தான். "புட்டி, மூணு கிலோ நானூத்தி அறுபது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். பிறகுதான் அண்ணியின் முகத்தைப் பார்த்து, "மீதி நாப்பது கிராம் எங்க?" என்றான்.

"என் தலையில பாரு" என்றாள். தூள் படிந்து முடியெல்லாம் நரைத்தது போலிருந்தது.

குழியைத் தடவிப் பார்த்தாள். "ஒரு கோட் பிரைமராவது அடிச்சுடறேன் தம்பி. துரு புடிக்கும்."

"எத்தனை கிராம் ஆவும்?"

"நூறு."

"அம்பதுல முடிங்க."

பிரைமர் காய்ந்ததும் வண்டியைத் தராசிலிருந்து இறக்கித் பந்தயத்துக்கு ஏற்றிப்போகத் தெருவில் நிற்கும் டிரெய்லர் வரை கொண்டுபோக வேண்டும். நாத்தனார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "இறக்குங்க அண்ணி. காலை மட்டும் பூ மாதிரி வைங்க."

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். அவன் குனிந்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுத்தான்.

நாத்தனாரின் உடம்புக்கென்று செய்த இருக்கை இரண்டு பக்கமும் விலாவைப் பிடித்தது. காலடியில் வெறும் தகடு. கிளட்சை மெல்ல, மிக மெல்ல விட்டாள். வண்டி இறங்கி வாசல் ஜல்லிக்கு வந்தது. டயர் தூக்கியெறிந்த சிறு கற்கள் ஒவ்வொன்றாக அடித்தகட்டில் பட்டன. விரிப்பும் பஞ்சும் இல்லாத அந்த வண்டியில் அவள் பாதங்களுக்குக் கீழே ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகக் கேட்டது.